விடுபட்ட விடைகளும் உளவியல் அளவீடும்: மொழித்திறன் சோதனைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

மொழித்திறன், நினைவாற்றல், மொழி மனப்பான்மை முதலானவற்றை அளந்தறிய முற்படும் ஆய்வுகளுள் முழுமையான தரவுடன் நிறைவுறுவன மிகச் சிலவே. சோதனை நாளில் மாணவர் வராமல் இருக்கலாம். வந்தவர் சில வினாக்களை விட்டுச் செல்லலாம். நேரம் போதாமையால் இறுதி வினாக்களை எட்டாமலேயே தாளைத் திருப்பித் தரலாம். வினாநிரலில் தாய்மொழி, சாதி, வருவாய் பற்றிய வினாக்கள் வெற்றிடமாகவே திரும்பி வருதலும் உண்டு. இவ்வெற்றிடங்களை ஆய்வாளர் எவ்வாறு கையாண்டார் என்பதைப் பல ஆய்வேடுகள் ஒரே வரியில் சொல்லி முடிக்கின்றன. சில அதனையும் சொல்வதில்லை. ஆயினும் அந்த ஒரு வரியே ஆய்வின் முடிவைத் தலைகீழாக மாற்றக்கூடியது.

மொழியியலாருக்கு இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. தோன்றா எழுவாயையும் வேற்றுமைத் தொகையையும் பயின்றவர், வெளிப்படையாக இல்லாத ஒன்று பொருளற்றது ஆகாது என்பதை அறிவர். 'பொற்குடம்' என்னும் தொடரில் உருபும் பயனும் மறைந்து நிற்கின்றன. சூழலைக் கொண்டு 'பொன்னாலாகிய குடம்' என விரிக்கிறோம். எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை என்பதோ வேறு வகையான இன்மை. அங்கு மறைந்தது எதுவுமில்லை. இன்மை ஒவ்வொன்றும் எவ்வாறு நேர்ந்தது என்று அறிந்த பின்னரே அதனை விரிப்பதா, அவ்வாறே விடுவதா என இலக்கணம் முடிவு செய்கிறது. விடுபட்ட விடைக்கும் இதுவே பொருந்தும். விடை ஏன் விடுபட்டது என்னும் வினாவை எழுப்பாமல் அதனை நீக்குவதும், சுழியாகக் கொள்வதும், வேறோர் எண்ணால் நிரப்புவதும் ஒன்றுபோலவே பிழைக்கு வழிவகுக்கும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. விடுபாடு தோன்றும் இடங்கள்

உளவியல் அளவீட்டில் விடுபாட்டை ஐந்து நிலைகளில் காணலாம்.

(அ) ஆள்நிலை விடுபாடு: கூறாகத் தெரிவு செய்யப்பட்டவர் ஆய்வில் பங்கு கொள்ளாமை.

(ஆ) வினாநிலை விடுபாடு: பங்கு கொண்டவர் சில வினாக்களுக்கு மட்டும் விடையளிக்காமை.

(இ) இடைவிலகல்: பல கட்டங்களாக நிகழும் ஆய்வில் தொடக்கத்தில் இருந்தவர் பிற்கட்டங்களில் இல்லாமை.

(ஈ) எட்டாமை: காலவரையறை உள்ள சோதனையில் இறுதி வினாக்களை அடையாமை.

(உ) திட்டமிட்ட விடுபாடு: ஆய்வாளரே சில வினாக்களைச் சிலரிடம் கேட்காமை.

இவற்றுள் இறுதியானது குறையன்று, ஓர் உத்தி. பீனே, சீமோன் ஆகியோர் 1905இல் உருவாக்கிய அளவுகோல் முதலாக, எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்லும் வரிசையில் வினாக்களை அமைக்கும் மரபு வளர்ந்தது. 1959இல் வெளிவந்த பீபாடி படச் சொற்களஞ்சியச் சோதனையில் குழந்தையின் அகவைக்கேற்ற இடத்திலிருந்து வினாக்கள் தொடங்கும். குறிப்பிட்ட அளவு பிழைகள் நேர்ந்ததும் சோதனை நிறுத்தப்படும். தொடக்கத்திற்கு முற்பட்டவை சரியெனவும், நிறுத்தத்திற்குப் பிற்பட்டவை தவறெனவும் கொள்ளப்படும். இங்கு வினா கேட்கப்படாமைக்குக் காரணம் ஆய்வாளரிடம் ஏற்கெனவே பதிவாகியுள்ள விடைகளே. காரணம் தரவுக்குள்ளேயே இருப்பதால் இவ்வகை விடுபாடு மதிப்பீட்டைப் பெரிதும் ஊறுபடுத்துவதில்லை.

3. விடுபாட்டின் காரணம்: ரூபினின் பகுப்பு

விடுபாட்டைக் காரண அடிப்படையில் பகுத்து அதற்கொரு கோட்பாட்டு வடிவம் தந்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் டொனால்டு ரூபின். 'பயோமெட்ரிக்கா' ஆய்விதழில் 1976இல் வெளிவந்த அவருடைய கட்டுரையே இத்துறையின் அடித்தளமாகும். அவரும் ரோடரிக் லிட்டிலும் இணைந்து 1987இல் வெளியிட்ட நூலின் வழி இப்பகுப்பு பரவலாக வழக்கிற்கு வந்தது. அதன்படி விடுபாடு மூவகைப்படும்.

3.1. முற்றிலும் தற்செயலான விடுபாடு

விடை விடுபடுவதற்கும் மாணவரின் திறனுக்கும், பதிவான வேறெந்தப் பண்புக்கும் தொடர்பின்மை. விடைத்தாள் கட்டு ஒன்று மழையில் நனைந்து சில பக்கங்கள் அழிந்தன எனின் அது இவ்வகை. எஞ்சியவர்கள் முழுத் தொகுதியின் எளிய சமவாய்ப்புக் கூறாகவே அமைவர்.

3.2. நிபந்தனைக்குட்பட்ட தற்செயல் விடுபாடு

விடுபடுவதற்கும் பதிவான வேறு மாறிகளுக்கும் தொடர்பு உண்டு. அம்மாறிகளைக் கணக்கில் கொண்ட பின், விடுபட்ட மதிப்போடு தொடர்பு இல்லை. முதற்சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் இரண்டாம் சோதனைக்கு வராமல் இருக்கின்றனர் என்று கொள்வோம். ஒரே முதல் மதிப்பெண் பெற்றவர்களுள் வந்தவருக்கும் வராதவருக்கும் திறன் வேறுபாடு இல்லையெனின், விடுபாடு இவ்வகையினது.

3.3. தற்செயலற்ற விடுபாடு

விடுபட்ட மதிப்பே விடுபாட்டுக்குக் காரணமாதல். வீட்டு மொழியைப் பள்ளியில் மறைக்கும் குழந்தை, 'வீட்டில் எம்மொழி பேசுகிறாய்?' என்னும் வினாவை விட்டுச் செல்வது இதற்குச் சான்று. சொல்லவேண்டிய விடையே சொல்லாமைக்குக் காரணமாகிறது.

இக்கலைச்சொற்கள் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. ரூபின் இரண்டாம் வகைக்கு இட்ட ஆங்கிலப் பெயர், 'தற்செயலாக விடுபட்டவை' என்னும் அளவிலேயே பொருள் தருகிறது. அதனை வழக்குப் பொருளில் கொண்டு, 'விடுபாட்டில் எவ்வித ஒழுங்கும் இல்லை' எனப் பலர் மயங்கியுள்ளனர். உண்மையில் இரண்டாம் வகையில் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை ஆய்வாளரின் கையிலுள்ள தரவே விளக்கிவிடுகிறது என்பதே கருத்து. 'நிபந்தனைக்குட்பட்ட' என்னும் அடை தமிழ்க் கலைச்சொல்லில் இடம்பெறுவது இம்மயக்கத்தைத் தவிர்க்க உதவும்.

முதல்வகை விடுபாடு உள்ளதா என அறிய லிட்டில் 1988இல் ஒரு சோதனையை முன்வைத்தார். ஆனால் இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் வேறுபடுத்திக் காட்டும் சோதனை எதுவும் பதிவான தரவைக் கொண்டு மட்டும் இயலாது. வேறுபாட்டைத் தீர்மானிக்கத் தேவையான மதிப்புகளே விடுபட்டுள்ளன. ஆகவே, விடுபாடு எவ்வகையினது என்னும் முடிவு, களத்தை அறிந்தவர் காரணம் காட்டி நிறுவவேண்டிய ஒன்று. கணிப்பொறி அதனை வழங்காது.

4. வழக்கிலுள்ள எளிய முறைகள்

4.1. ஓர் எடுத்துக்காட்டு

முறைகளை ஒப்பிடும் பொருட்டு, கற்பனையான சிறு தரவு ஒன்றைக் காணலாம். பத்து மாணவர்க்கு 20 மதிப்பெண் கொண்ட சொற்களஞ்சியச் சோதனை, ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் நடத்தப்பட்டது எனக் கொள்க.

அட்டவணை 1: பத்து மாணவரின் மதிப்பெண்கள்

மாணவர் – முதற்சோதனை – இரண்டாம் சோதனை
அ – 4 – 5
ஆ – 6 – 7
இ – 6 – 9
ஈ – 8 – 11
உ – 10 – 11
ஊ – 10 – 13
எ – 12 – 13
ஏ – 12 – 15
ஐ – 14 – 15
ஒ – 14 – 17

முதற்சோதனையின் சராசரி 9.6, இரண்டாம் சோதனையின் சராசரி 11.6. எனவே பயிற்சியால் விளைந்த உயர்வு 2 மதிப்பெண். இனி, முதற்சோதனையில் 10க்குக் குறைவாகப் பெற்ற நால்வர் (அ, ஆ, இ, ஈ) இரண்டாம் சோதனைக்கு வரவில்லை என்று கொள்வோம். ஆய்வாளருக்குத் தெரிவன எஞ்சிய அறுவரின் இரண்டாம் மதிப்பெண்கள் மட்டுமே. வெவ்வேறு முறைகள் தரும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன.

அட்டவணை 2: இரண்டாம் சோதனைக்கான மதிப்பீடுகள்

முறை – சராசரி – திட்ட விலக்கம்
உண்மை நிலை – 11.6 – 3.78
சுழியிடல் – 8.4 – 7.40
நீக்கல் – 14.0 – 2.10
சராசரியால் நிரப்பல் – 14.0 – 1.56
தொடர்புப் போக்கால் நிரப்பல் – 11.6 – 3.60

4.2. சுழியிடல்

வராதவருக்குச் சுழி இடுவது பள்ளித் தேர்வுகளிலிருந்து வந்த வழக்கம். அம்முறையில் சராசரி 9.6இலிருந்து 8.4 ஆகக் குறைகிறது. பயிற்சி மாணவருக்குத் தீங்கு செய்தது என்னும் முடிவு கிடைக்கிறது. திட்ட விலக்கமோ ஏறத்தாழ இருமடங்காகிறது. 'விடை தெரியவில்லை' என்பதும், 'விடை தெரியுமா என்பது நமக்குத் தெரியவில்லை' என்பதும் வேறு வேறு. சுழியிடல் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடுகிறது.

4.3. நீக்கல்

விடுபாடு உள்ளவரை முழுமையாக நீக்கிவிட்டு எஞ்சியோரை மட்டும் ஆராய்வது மிகப் பரவலான முறை. புள்ளியியல் மென்பொருள்கள் பலவற்றில் வேறு கட்டளை இல்லாதபோது தானே நிகழ்வதும் இதுவே. எடுத்துக்காட்டில், வந்த அறுவரின் சராசரி 14. இதனை அனைவரின் முதற்சோதனைச் சராசரியாகிய 9.6 உடன் ஒப்பிட்டால் உயர்வு 4.4 எனத் தோன்றும்; இது உண்மையைப் போல் இருமடங்குக்கும் மேல். அறுவரின் இரு மதிப்பெண்களை மட்டும் ஒப்பிட்டால் (12, 14) உயர்வு 2 எனச் சரியாகவே கிடைக்கிறது. எனினும் அது, இவ்வெடுத்துக்காட்டில் திறன் மிக்கவரும் குறைந்தவரும் சராசரியாக ஒரே அளவு உயர்ந்தமையால் நேர்ந்த பொருத்தம். பயிற்சி நலிந்த மாணவருக்கு மிகுந்தோ குறைந்தோ பயன்பட்டிருப்பின் அவ்வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடும். பயிற்சி யாருக்காக வகுக்கப்பட்டதோ அவர்களே கணக்கிலிருந்து வெளியேறிவிடுகின்றனர்.

நீக்கலின் மற்றொரு குறை தரவிழப்பு. 20 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலில் ஒவ்வொரு வினாவும் 2 விழுக்காட்டினரால் ஒன்றையொன்று சாராமல் விடப்படுகிறது எனின், எல்லா வினாக்களுக்கும் விடையளித்தோர் ஏறத்தாழ 67 விழுக்காட்டினரே. வினாவிற்கு 5 விழுக்காடு விடுபாடு எனின் எஞ்சுவோர் 36 விழுக்காட்டினர் மட்டுமே. அமெரிக்க உளவியல் கழகம் அமைத்த புள்ளியியல் செயற்குழு, 1999இல் வெளியிட்ட அறிக்கையில் நீக்கல் முறைகளை நடைமுறைக்கு மிகத் தகாதவற்றுள் சேர்த்துக் குறிப்பிட்டது.

4.4. சராசரியால் நிரப்பல்

வந்தவரின் சராசரியை வராதவருக்கு இடுவது, கட்டங்களை நிரப்புகிறதே தவிரப் புதிய செய்தி எதனையும் சேர்ப்பதில்லை. சராசரி 14 என்றே நிற்கிறது. திட்ட விலக்கம் 1.56 ஆகச் சுருங்குகிறது. நால்வரும் ஒரே மதிப்பெண் பெற்றதாகக் காட்டப்படுவதால், இரு சோதனைகளுக்கும் இடையிலான ஒட்டுறவும் நலிகிறது.

வினாநிலையில் இதன் மற்றொரு வடிவம் வழங்குகிறது. ஒருவர் பாதிக்கு மேற்பட்ட வினாக்களுக்கு விடையளித்திருந்தால், அவர் அளித்த விடைகளின் சராசரியை எஞ்சிய வினாக்களுக்கும் இடுவர். மொழி மனப்பான்மை அளவுகோலில் எல்லா வினாக்களும் ஏறத்தாழ ஒரே தன்மையுடையனவாயின் இது பெருந்தீங்கு செய்யாது. சொற்களஞ்சியச் சோதனையில் அவ்வாறு கொள்ள இயலாது. எளியனவற்றுக்கு விடையளித்துக் கடினமானவற்றை விட்டவருக்கு, எளியவற்றின் சராசரி கடினமானவற்றுக்கும் வழங்கப்பட்டுவிடும்.

4.5. தொடர்புப் போக்கால் நிரப்பல்

வந்த அறுவரின் இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான தொடர்பைக் கணக்கிட்டால், 'இரண்டாம் மதிப்பெண் = முதல் மதிப்பெண் + 2' என்னும் கோடு கிடைக்கிறது. அதன்படி நால்வருக்கும் 6, 8, 8, 10 என நிரப்பினால் சராசரி 11.6 ஆகிறது. மெய்யான தரவில் இத்துணைத் துல்லியம் கிட்டாது. ஆயினும் விடுபாடு இரண்டாம் வகையாயின், திசை சரியானதாகவே இருக்கும். குறை எஞ்சியிருப்பது பரவலில். நிரப்பிய மதிப்புகள் யாவும் கோட்டின்மீதே அமைகின்றன. உண்மை மதிப்புகள் அதன் இருபுறமும் சிதறிக் கிடந்தன. ஆகவே திட்ட விலக்கம் 3.60 எனச் சற்றுக் குறைகிறது. ஒட்டுறவு உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றுகிறது. ஊகித்த மதிப்பைக் கண்டறிந்த மதிப்பாக நடத்துவதன் விளைவு இது.

5. நிகழ்தகவு அடிப்படையிலான முறைகள்

5.1. மீப்பெரு சாத்தியக்கூற்று முறை

இம்முறையில் வெற்றிடங்கள் நிரப்பப்படுவதில்லை. ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைத்த செய்தியை, அது எத்துணைச் சிறிதாயினும், அவ்வளவில் பயன்படுத்தி, கிடைத்த தரவு முழுவதும் தோன்றுவதற்கு மிகுந்த வாய்ப்பளிக்கும் மதிப்புகளை முழுமைத் தொகுதியின் மதிப்புகளாகக் கொள்வர். டெம்ப்ஸ்டர், லேர்டு, ரூபின் ஆகிய மூவரும் 1977இல் விளக்கிய இ.எம். வழிமுறை இதற்குப் பெரிதும் துணை செய்தது. அது இரு படிகளை மாறி மாறிச் செய்வது. தற்போதைய மதிப்பீட்டைக் கொண்டு விடுபட்டவற்றுக்கு எதிர்பார்க்கத்தக்க அளவுகளைக் கணக்கிடுவது முதற்படி. அவ்வளவுகளைக் கொண்டு மதிப்பீட்டைத் திருத்துவது இரண்டாம் படி. மதிப்பீடு மேலும் மாறாத நிலையில் வழிமுறை முடிவடைகிறது.

5.2. பன்மடி நிரப்பல்

ரூபின் 1987இல் நூல் வடிவில் விரித்துரைத்த பன்மடி நிரப்பல் முறை, இலக்கணம் பயின்றவருக்கு எளிதில் விளங்கக்கூடியது. 'பொன்மணி' என்னும் தொகையைப் பொன்னாலாகிய மணி எனவும், பொன்னொடு சேர்ந்த மணி எனவும், பொன்னும் மணியும் எனவும் விரிக்கலாம். தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்களில் மயங்கும் என நன்னூல் ஒப்புகிறது. சூழல் தெளிவுறுத்தாதபோது ஒன்றை மட்டும் விரித்துப் பிறவற்றை மறைப்பது உரையாசிரியருக்குத் தகுவதன்று. பன்மடி நிரப்பலும் விடுபட்ட ஒரு விடைக்கு ஒரே மதிப்பை இடாமல், பொருந்தக்கூடிய பல மதிப்புகளை இடுகிறது.

முறை மூன்று படிகள் கொண்டது. முதலாவதாக, தொடர்புப் போக்கு காட்டும் மதிப்போடு தற்செயல் சிதறலையும் சேர்த்து விடுபட்ட விடைகள் நிரப்பப்படுகின்றன; இவ்வாறு பல முழுத் தரவுத் தொகுதிகள் உருவாக்கப்படுகின்றன. இரண்டாவதாக, ஒவ்வொரு தொகுதியும் வழக்கமான முறையில் தனித்தனியே ஆராயப்படுகிறது. மூன்றாவதாக, முடிவுகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன.

இணைக்கும் விதி எளியது. ஐந்து தொகுதிகளிலிருந்து 11.2, 11.5, 11.6, 11.7, 12.0 என ஐந்து சராசரிகள் கிடைத்தன என்று கொள்வோம். இவற்றின் சராசரியாகிய 11.6 இறுதி மதிப்பீடு ஆகும். ஒவ்வொரு தொகுதியிலும் கணக்கிட்ட திட்டப் பிழையின் வர்க்கம் சராசரியாக 1.40 என்க, இது தொகுதிக்குள் அமைந்த ஐயம். ஐந்து சராசரிகளும் தமக்குள் வேறுபடும் அளவு 0.085, இது விடுபாட்டால் விளைந்த ஐயம். பின்னதை 1 + 1/5 ஆகிய 1.2ஆல் பெருக்கி முன்னதோடு கூட்டினால் 1.502 கிடைக்கிறது. அதன் வர்க்கமூலமாகிய 1.23 இறுதித் திட்டப் பிழை. விடுபாட்டைப் பொருட்படுத்தாதிருந்தால் அது 1.18 எனக் குறைத்துக் காட்டப்பட்டிருக்கும். அறியாமையின் அளவையும் எண்ணாக வெளியிடுவதே இம்முறையின் தலையாய சிறப்பு. தொடக்கக் காலத்தில் மூன்று முதல் ஐந்து தொகுதிகள் போதும் எனக் கருதப்பட்டது. இன்று இருபதோ அதற்கு மேலோ பரிந்துரைக்கப்படுகின்றன.

உளவியல் ஆய்வாளரிடையே இவ்விரு முறைகளும் பரவுவதற்கு ஷேஃபர், கிரகாம் ஆகியோர் 2002இல் எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை பெரிதும் காரணமாயிற்று. இரண்டும் நிபந்தனைக்குட்பட்ட தற்செயல் விடுபாடு என்னும் எடுகோளின்மேல் நிற்பவை. ஆகவே விடுபாட்டை விளக்கக்கூடிய துணை மாறிகளைத் தொடக்கத்திலேயே திரட்டி வைப்பது இன்றியமையாதது. வருகைப் பதிவு, வீட்டு மொழி, முந்தைய மதிப்பெண் முதலியவை ஆய்வின் மையப் பொருளாக இல்லாவிடினும், விடுபாட்டின் காரணத்தைத் தரவுக்குள் கொண்டுவருவன அவையே.

6. விட்ட வினாவும் எட்டாத வினாவும்

திறன் சோதனைகளில் ஒரு மாணவர் பத்தாம் வினாவை விட்டுப் பதினொன்றாவதற்கு விடையளித்தால், அவர் பத்தாம் வினாவைப் படித்து விட்டுச்சென்றார் எனலாம். இருபதாவதற்குப் பின் எதற்கும் விடையில்லை எனின், அவர் அவற்றைப் படிக்கவே இல்லை எனக் கொள்ள இடமுண்டு. முன்னது திறனைப் பற்றிய செய்தி. பின்னது பெரும்பாலும் வேகத்தைப் பற்றிய செய்தி. பிரெடெரிக் லார்டு 1974இல் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். தெரிவு விடை வினாவை விட்டுச் சென்றவர் ஊகித்திருந்தால் விடை சரியாக அமைய வாய்ப்பு இருந்திருக்கும். நான்கு தெரிவுகள் உள்ள வினாவில் அவ்வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. எனவே விட்ட வினாவுக்குச் சுழி தராமல் அப்பின்னத்தைத் தரலாம் என்பது அவர் கருத்து. துணிந்து ஊகிப்பவருக்கும் அஞ்சி விடுபவருக்கும் இடையிலான வேறுபாடு திறன் வேறுபாடாகப் பதிவாவதை இது ஓரளவு தடுக்கிறது.

அமெரிக்காவின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு, விட்ட தெரிவு விடை வினாவுக்குப் பின்ன மதிப்பு வழங்குகிறது. எட்டாத வினாவைக் கேட்கப்படாததாகக் கொள்கிறது. பல நாடுகள் பங்குபெறும் பிசா மதிப்பீட்டில் நெறி வேறாக இருந்தது. 2012 வரை, வினாக்களின் கடினத்தைக் கணிக்கும்போது எட்டாத வினா கேட்கப்படாதது எனவும், மாணவரின் திறனை மதிப்பிடும்போது அதே வினா தவறு எனவும் கொள்ளப்பட்டது. 2015 முதல் இரு நிலைகளிலும் கேட்கப்படாததாகக் கொள்ளப்படலாயிற்று. தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்குபெற்ற 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் முந்தைய நெறியே நடைமுறையில் இருந்தது. இதனால் மட்டுமே அம்மதிப்பெண்கள் பொருளிழந்தன என்று கொள்வது பொருந்தாது. எனினும், மெதுவாகப் படிக்கும் மாணவரின் மதிப்பெண்ணில் புரிதிறனும் வாசிப்பு வேகமும் மதிப்பிடுவோரின் விதியும் ஒருங்கே கலந்துள்ளன என்பதை அத்தகைய அட்டவணைகளைப் படிப்போர் நினைவில் கொள்ளவேண்டும். வீட்டு மொழியல்லாத மொழியில் சோதனை எழுதும் குழந்தைக்கு இக்கலப்பு மிகுதி.

7. தற்செயலற்ற விடுபாடு

மூன்றாம் வகை விடுபாட்டுக்கு உறுதியான தீர்வு இல்லை. தக்க கையாளல் மட்டுமே உண்டு. உளமொழியியல் சோதனை ஒன்றைக் காணலாம். திரையில் தோன்றும் எழுத்துத் தொடர் சொல்லா, சொல் அல்லாததா என விரைந்து கூறவேண்டும். இரண்டு நொடிக்குள் விடை வராவிடின் அம்முயற்சி பதிவாகாது என்க. அருகிவழங்கும் சொற்களுக்குத்தான் மறுமொழி தாழ்க்கும். ஆகவே பதிவாகாமல் போவனவும் அவையே. எஞ்சிய மறுமொழிகளின் சராசரியை மட்டும் கொண்டால், அருகிவழங்கும் சொற்களும் பெருவழக்குச் சொற்களும் உண்மையைவிட நெருங்கியனவாகத் தோன்றும். இங்கு விடை முற்றிலும் அறியப்படாதது அன்று. 'இரண்டு நொடிக்கு மேற்பட்டது' என்னும் செய்தி கையில் உள்ளது. அச்செய்தியை ஏற்கும் வகையில் புள்ளியியல் மாதிரியை அமைப்பது நீக்கலைவிடத் தக்கது.

இத்தகைய எல்லைச் செய்தியும் இல்லாதபோது இரு வழிகள் உள்ளன. ஒன்று, விடுபடும் நிகழ்வையே தனியாக மாதிரிப்படுத்துவது. பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் 1979இல் வெளியிட்ட தெரிவுத் திருத்த முறை இவ்வகையினது. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இவ்வாய்வும் காரணமாயிற்று. இம்முறையின் முடிவு, சோதித்தறிய இயலாத எடுகோள்களைப் பெரிதும் சார்ந்திருக்கும். மற்றொன்று, எடுகோளை மாற்றி மாற்றிப் பார்ப்பது. வராதவரின் மதிப்பெண் கணித்ததைவிட 1 குறைவு, 2 குறைவு, 3 குறைவு எனப் படிப்படியாகக் கொண்டு ஆய்வை மீண்டும் நடத்தலாம். முற்கண்ட எடுத்துக்காட்டில் நால்வருக்கும் 3 மதிப்பெண் குறைத்தால் சராசரி 11.6இலிருந்து 10.4 ஆகும், உயர்வு 0.8. அந்நிலையிலும் பயிற்சியின் சராசரி விளைவு உயர்வாகவே நிற்கிறது. அது மறைய வேண்டுமாயின் நால்வரும் கணித்ததைவிட 5 மதிப்பெண் குறைந்திருக்க வேண்டும். அத்துணைப் பெரிய குறைவு நம்பத்தக்கதா என்பதை மாணவரை அறிந்த ஆசிரியர் கூறமுடியும்.

8. ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்கவை

(1) ஒவ்வொரு மாறியிலும் விடுபாடு எத்துணை விழுக்காடு என்பதை அட்டவணையாகத் தருதல்.

(2) 'வரவில்லை', 'விட்டார்', 'எட்டவில்லை', 'கேட்கப்படவில்லை', 'விடையளிக்க மறுத்தார்' ஆகியவற்றைத் தரவுப் பதிவிலேயே வெவ்வேறு குறியீடுகளால் குறித்தல். எல்லாவற்றையும் ஒரே வெற்றிடமாகவோ 9 என்னும் எண்ணாகவோ பதிந்தபின் காரணத்தை மீட்க இயலாது.

(3) விடுபாடு உடையோரும் இல்லோரும் பதிவான பண்புகளில் எவ்வாறு வேறுபடுகின்றனர் என ஒப்பிடுதல்.

(4) எந்த எடுகோளின்மேல் எந்த முறை கையாளப்பட்டது என்பதைக் காரணத்தோடு எழுதுதல்.

(5) எடுகோள் மாறினால் முடிவு மாறுமா எனச் சோதித்து, மாறுமெனின் அதனையும் வெளியிடுதல்.

(6) இயன்ற இடங்களில் விடுபட்டோரைத் தேடிச் சென்று மறுமுறை சோதித்தல். ஒரு சிலரிடமிருந்தேனும் பெறும் உண்மை விடை, நுண்ணிய கணக்கீட்டைவிடப் பெறுமதி உடையது.

9. முடிவுரை

விடுபட்ட விடைகளைப் புள்ளியியல் முறையால் நிரப்புவது, இல்லாததைப் படைக்கும் செயலன்று. இருப்பவற்றிலிருந்து பெறத்தக்க செய்தியை வீணாக்காமலும், பெற இயலாததைப் பெற்றதாகக் காட்டாமலும் முடிவு காணும் முயற்சி. அம்முயற்சியின் எல்லையையும் உணர்தல் வேண்டும். நிரப்பிய மதிப்பு குழுவைப் பற்றிய முடிவுக்கு உரியது. தனியொரு குழந்தையின் மதிப்பெண் அன்று. மாணவர் 'அ' இரண்டாம் சோதனையில் 6 பெறுவார் என்பது அவரையொத்த பலரைப் பற்றிய கணிப்பு. அவர் உண்மையில் பெற்றிருக்கக்கூடியது 5. அக்கணிப்பைக் கொண்டு அவரை ஒரு வகுப்பில் நிறுத்துவதோ, மொழிக்குறை உடையவர் என முத்திரையிடுவதோ முறையன்று. சுழியிட்டு அதனைச் செய்வது அதனினும் முறையன்று. தனியொருவரைப் பற்றிய முடிவு வேண்டுமாயின் அவரை மீண்டும் அழைத்து வினவுவதே வழி. குழுவைப் பற்றிய முடிவாயின், வெற்றிடம் எவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்கிய பின்னரே எண்களை முன்வைத்தல் வேண்டும்.